பத்து பாயிண்ட் ஃபிரிட்ஜ்

ஃபிரிட்ஜுக்குக் கரண்ட் எவ்வளவு ஆகும் என்று யாராவது சாதாரணமாகக் கேட்டால்கூட என் முகம் மாறிவிடும். போன வாரம் எதிர் வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்த பெண் கேட்டாள். பாவம், அவளுக்கு என்ன தெரியும். "ரொம்ப ஒண்ணும் ஆகாதும்மா, தைரியமா வாங்கு" என்று சொல்லிவிட்டு உள்ளே வந்து பாத்திரங்களைப் போட்டு உருட்டினேன். இத்தனை வருஷம் ஆகியும் ஆறவில்லை. ஆறவும் வேண்டாம். நான் ஆறிப்போனால் நடந்ததெல்லாம் நியாயம் என்று ஆகிவிடும்.

எண்பதுகளின் பின்பாதி அது. படப்பையிலிருந்து ஒரகடம் போகிற ரோட்டில் இறங்கி, கொஞ்சம் உள்ளே நடந்தால் எங்கள் வீடு. எங்கள் வீடு என்பது ஒரு பேச்சுக்கு. ஒரே காம்பவுண்டுக்குள் வரிசையாக மூன்று வாசல். முதல் வாசலில் மூத்தார், அதாவது என் கணவரின் அண்ணன், அவர் குடும்பத்தோடு இருந்தார். நடு வாசலில் நானும் கணவரும் பள்ளிக்கூடம் போகும் இரண்டு பிள்ளைகளும். கடைசி வாசலில் வாடகைக்கு ஒரு குடும்பம், திருநெல்வேலிப் பக்கத்து ஜனங்கள். மாமனார் காலமான பிறகு காம்பவுண்டுக்கு மூத்தார் வைத்ததுதான் சட்டம். மாதா கோயில் கொடியேற்றத்தில் சாமியாருக்குப் பக்கத்தில் நிற்கிற ஆள் அவர். அவர் சொன்னால் என் கணவர் தலையை ஆட்டுவார். ஆட்டிவிட்டுத்தான் என்ன சொன்னார் என்றே யோசிப்பார்.

மூன்று வீட்டுக்கும் ஒரே மீட்டர். அது மூத்தார் வீட்டு முன்சுவரில் இருந்தது. ஈ.பி.காரர் வந்து பார்த்து எழுதிவிட்டுப் போனதும் பில்லை மூத்தார் பாயிண்ட் கணக்கில் பிரிப்பார். ஒரு பல்பு என்றால் ஒரு பாயிண்ட், ஒரு ஃபேன் என்றால் இரண்டு பாயிண்ட். யார் வீட்டில் எத்தனை பாயிண்டோ அதற்குத் தக்க பங்கு. அப்போது வாடகை வீடுகளில் எங்கேயும் இதுதான் வழக்கம். சுவரில் இருக்கிற ப்ளக்குக்கு மட்டும் கணக்கு கிடையாது. இந்த வழக்கம் வந்த காலத்தில் ப்ளக்கில் செருக யார் வீட்டிலும் ஒன்றும் இருக்கவில்லை, அதனால்.

பிறகு செருகுவதற்குச் சாமான்கள் வந்தன. முதலில் வந்ததும் மூத்தார் வீட்டில்தான். குளிக்கத் தண்ணீர் காயவைக்க வாளிக்குள் போடுகிற ஹீட்டர், கம்பிச் சுருள் பழுக்கிற கரண்ட் அடுப்பு, இஸ்திரிப் பெட்டி. கிணற்று மோட்டார் வேறு. மோட்டார் பொது என்பார். அந்தப் பொது மோட்டார் இறைத்த தண்ணீரில் முக்கால்வாசி அவருடைய கத்தரிக்கும் வாழைக்கும் போனது. இவை எதற்கும் அவர் கணக்கில் ஒரு பாயிண்ட்கூட இல்லை. அந்தப் பங்கையும் சேர்த்துத்தான் நாங்களும் திருநெல்வேலிக்காரர்களும் மாய்ந்து மாய்ந்து கட்டினோம். குடும்பத்துக்குள் இதற்கெல்லாமா வாயைக் கொடுப்பது என்று நான் இருந்துவிட்டேன்.

தாம்பரத்துக்குப் பக்கத்தில் புதிதாக வந்த ஒரு எலெக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் எனக்கு அப்போதுதான் வேலை கிடைத்திருந்தது. வரிசையாகப் பெண்கள் உட்கார்ந்து ஈயம் வைத்துப் பற்றவைக்கிற வேலை. டெம்பரரிதான். ஆனால் சேரும்போதே சொல்லிவிட்டார்கள். லேட் இல்லாமல், லீவு இல்லாமல் டெம்பரரி காலத்தை ஓட்டிவிட்டால் பர்மனெண்ட். இல்லையென்றால் காலம் முடிந்ததும் வீட்டுக்குப் போகலாம். பர்மனெண்ட் ஆனால் பி.எஃப் உண்டு, போனஸ் உண்டு, பிரசவ லீவு உண்டு. என் பிறந்த வீட்டில் யாருக்கும் அந்த வார்த்தை வாய்த்ததில்லை. நான் கும்பிடும்போதுகூட மாதாவிடம் வேறொன்றும் கேட்கவில்லை. பர்மனெண்ட் என்ற ஒரே வார்த்தையைத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

ஒரே தொல்லை, கம்பெனி வேன். பொழுது விடியுமுன்பே ரோட்டு முனைக்கு வந்து நிற்கும். நிற்கும் என்றா சொன்னேன்? நின்றதுபோல் காட்டிவிட்டுக் கிளம்பிவிடும். பால்காரர் வருவதோ அதற்கு அப்புறம். அதற்குள் பிள்ளைகளுக்குப் பால், காலைப் பலகாரம், மத்தியானச் சோறு, குழம்பு எல்லாம் முடித்துவிட்டு ஓட என்னால் ஆகவில்லை. அதனால்தான் ஃபிரிட்ஜ் வாங்கினேன். ஆடம்பரத்துக்கு இல்லை. சீட்டு எடுத்த பணம், என் உழைப்பு, யாரிடமும் கை நீட்டவில்லை. சாயங்காலமே பாலைக் காய்ச்சி உள்ளே வைப்பேன். மாவு உள்ளே, குழம்பு உள்ளே, நறுக்கிய காய் உள்ளே. விடிகாலையில் எடுத்துச் சூடு பண்ணினால் ஆயிற்று. அது வந்த நாளிலிருந்து நான் ஒரு நாள்கூட வேனைத் தவறவிட்டதில்லை.

அந்த ஃபிரிட்ஜ் எங்கள் தெருவுக்கே முதல் ஃபிரிட்ஜ். வெளிர்ப் பச்சை. மினி லாரியில் வந்து இறங்கியபோது தெருவே கூடியது. அன்று சாயங்காலமே மூத்தார் மனைவி, என் ஓரகத்தி, ஒரு தூக்கில் மீன் குழம்போடு வந்துவிட்டாள்.

"இத்த உள்ள வெச்சுக்க. நாளைக்கு எடுத்துக்கிறேன். வெளில வெச்சா பூனை உருட்டுது" என்றாள்.

வைத்தேன். அடுத்த நாள் அவள் மாவு, அதற்கடுத்து அவள் பூ. மூத்தாருக்கு விருந்தாளி வந்தால் ஐஸ். திருநெல்வேலிக்கார அம்மாள் மட்டும் கூச்சத்தோடு, "ஒரு மருந்து பாட்டில் இருக்குங்க, எடம் இருக்குமா?" என்று கேட்டு வைத்தார். என் பாலுக்கு இடம் போதாமல் போன நாளும் உண்டு. நான் முகம் சுளிக்கவில்லை. நாலு பேருக்குப் பயன்பட்டால் நல்லதுதானே என்று நினைத்தேன். எனக்குப் புத்தி அவ்வளவுதான்.

முதல் பில் வந்தது. கூடத்தான் வந்தது, இல்லை என்று சொல்லவில்லை. கொஞ்சம் கூட. மூத்தார் நேராக எங்கள் வீட்டுக்குள் வந்து ஃபிரிட்ஜ் கதவைத் திறந்தார். உள்ளே சின்ன பல்பு எரிந்தது. அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"இன்னாம்மா இது, பட்டப்பகல்ல லைட்டு எரிஞ்சினு கீது?"

"கதவைத் திறந்தாத்தான் மாமா எரியும். மூடினா அணைஞ்சிடும்."

"மூடினப்புறம் அணைஞ்சிச்சுன்னு நீ எப்படிப் பாத்த?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அது தப்பாகப் போயிற்று. கதவோரத்தில் இருக்கிற சின்னப் பொத்தானை விரலால் அமுக்கிக் காட்டினேன். பல்பு அணைந்தது. எடுத்தேன், எரிந்தது.

"நீ அமுக்குற, அணையுது. சரி. மூடினப்புறம் உள்ள யாரு உக்காந்துகினு அமுக்குறாங்க?"

"கதவே அமுக்கும் மாமா."

"கதவு அமுக்குது. கதவுக்குக் கை கீதா?" என்று என் கணவரைப் பார்த்தார். கணவர் தலையை ஆட்டினார்.

கம்பெனியில் நாள் முழுக்க அந்த மாதிரிப் பொத்தானுக்குத்தான் ஈயம் வைத்துக்கொண்டிருந்தேன். சொல்லி என்ன பயன்? மூத்தார் அந்த பல்பைத் திருகிக் கழற்றி, சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போனார். அது அவர் வீட்டு எந்த ஹோல்டருக்கும் பொருந்தாது. இருந்தும் திருப்பித் தரவில்லை. அன்றிலிருந்து நான் டார்ச் அடித்துத்தான் பால் பாத்திரத்தைத் தேடினேன். என் சொந்த ஃபிரிட்ஜில், என் சொந்தப் பாலை.

பல்பு போயும் அடுத்த பில் குறையவில்லை. எப்படிக் குறையும்? ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் மூத்தார் முற்றத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். ஓரகத்தி வாசற்படியில் நின்றாள். என்னையும் கணவரையும் கூப்பிட்டார்.

"ரோசனை பண்ணிப் பாத்தேன். லைட்டுன்னா சாயங்காலம் போட்டுப் படுக்கசொல்ல நிறுத்துறோம். இது ராவும் பகலும் ஓடினே கீது. அதனால ஃபிரிட்ஜுக்குப் பத்து பாயிண்ட்."

பத்து பாயிண்ட். என் வீட்டில் எல்லா விளக்கையும் ஃபேனையும் சேர்த்தாலே அத்தனை வராது.

"அது ராவும் பகலும் ஓடுறதில்ல மாமா. கொஞ்ச நேரம் ஓடும், குளிர்ந்ததும் தானா நின்னுடும். காது கொடுத்துக் கேட்டாலே தெரியும். உங்க வாளி ஹீட்டரை விடக் கம்மியாத்தான் இழுக்கும். ஹீட்டருக்கு எத்தனை பாயிண்ட்?"

கணவர் என் பக்கம் திரும்பாமலே, "நீ சும்மா இரு" என்றார்.

ஓரகத்தி வாயைத் திறந்தாள். "வெந்நி இன்னா தினிக்குமா வெக்கிறோம்? அது ஒரு நாழி. வூட்டுல பொம்பள இருந்தா அப்பப்ப ஆக்கி அப்பப்ப துன்றோம், ஃபிரிட்ஜு எதுக்கு? வூட்டுல ஆள் இல்லாத வூட்டுக்குத்தான் அது வேணும்."

"அக்கா, உங்க மீன் குழம்பு இப்பவும் உள்ளதான் இருக்கு" என்றேன்.

"ஒரு தூக்கு வெச்சதுக்கு சொல்லிக் காட்டுற பாத்தியா" என்று அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அவ்வளவுதான், தீர்ப்பு அங்கேயே முடிந்துவிட்டது. கண்ணைத் துடைத்தவள் பக்கம்தானே எல்லாரும் பேசுவார்கள். எனக்கு அழத் தெரியவில்லை, கோபப்படத்தான் தெரிந்தது.

மூத்தார் பெரிய மனதோடு பேசுகிற குரலில் ஒரு வழி சொன்னார். "வேணாம், சண்ட வேணாம். அடுத்த பில்லு வர வரைக்கும் அத்த நிறுத்தி வையி. பில்லு குறையலன்னா நான் சொன்னது தப்பு, ஒத்துக்கிறேன். குறைஞ்சிதுன்னா பத்து பாயிண்ட்."

"சரிண்ணா" என்று என் கணவர் சொன்னார். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. யார் பணத்தில் வாங்கியது, எதற்காக வாங்கியது, அது நின்றால் யார் வேன் போகும், யார் பர்மனெண்ட் போகும், ஒன்றும் கேட்கவில்லை. அந்த "சரிண்ணா"வை நான் இந்த ஜென்மத்தில் மன்னிக்கப் போவதில்லை. அவரிடமே பல தடவை சொல்லியிருக்கிறேன்.

ப்ளக்கைப் பிடுங்கியபோது பங்குனி வெயில். மாவு ராத்திரியிலேயே பொங்கிப் புளித்து வழிந்தது. சாயங்காலப் பால் காலையில் திரிந்தது. குழம்பு நூல் விட்டது. பால் இல்லாமல் சின்னவள் பள்ளிக்கூடத்தில் மயங்கி விழுந்ததாகச் சொல்லியனுப்பினார்கள். அதற்கு மேல் பிள்ளைகளுக்குக் காலையில் ஒன்றுமில்லாமல் அனுப்ப எனக்கு மனம் வரவில்லை. கோழி கூவுமுன் எழுந்து அடுப்பைப் பற்றவைத்துப் பார்த்தேன். அப்படியும் பால்காரர் வந்து, காய்ச்சி, ஆற்றி, இரண்டு டம்ளரில் ஊற்றி வைத்துவிட்டு முந்தானையைச் செருகிக்கொண்டு ஓடினால் வேனின் பின்பக்க விளக்குத்தான் தெரியும். அப்புறம் பஸ்ஸைப் பிடித்து, தாம்பரத்தில் மாறி, கேட்டுக்குப் போவதற்குள் கார்டு பஞ்ச் பண்ணுகிற நேரம் போயிருக்கும். லேட். லேட். மறுபடி லேட்.

கணவரிடம் சொன்னேன். "பால் மட்டும் நீங்க வாங்கிக் காய்ச்சிக் கொடுங்க. நான் வேனைப் பிடிச்சுடுவேன்." அவர் ஆபீஸுக்குப் பத்து மணிக்குப் போனால் போதும். ஆபீஸுக்குப் போகிற ஸ்ரீபெரும்புதூர் பஸ் ரோட்டு முனையிலேயே நிற்கும்.

"அண்ணி பாப்பாங்க" என்றார்.

"பாத்தா?"

ஆம்பிளை பால் காய்ச்சுவதை அண்ணி பார்த்துவிட்டால் வானம் இடிந்து விழுந்துவிடும் போலிருக்கிறது. நான் என்ன அவரை மலையைப் பெயர்க்கவா சொன்னேன்? ஒரு பாத்திரத்தை அடுப்பில் வைத்து, பொங்கும்போது இறக்கச் சொன்னேன்.

கம்பெனியில் எங்கள் லைன் சூப்பர்வைசரும் ஒரு பெண்தான். நல்ல மாதிரி. ஒரு நாள் டீ டைமில் என்னைத் தனியாகக் கூப்பிட்டாள். "இன்னா ஆச்சு உனக்கு? நல்லா வந்துகினு இருந்தியே. பர்மனெண்ட் லிஸ்ட் ரெடியாவுது. இதுக்கு மேல ஒரு லேட்டுகூட வெச்சுக்காத" என்றாள்.

வீட்டில் ஃபிரிட்ஜை நிறுத்திவிட்டார்கள் என்று நான் எப்படிச் சொல்வது? சொன்னால் சிரிப்பாள். "பிள்ளைக்கு உடம்பு சரியில்ல மேடம்" என்றேன். அந்த வாரமே இன்னொரு லேட் விழுந்தது. அன்று பால்காரர் வரவே நேரமாகிவிட்டது.

லிஸ்ட் ஒட்டிய அன்று நான் சீக்கிரமாகவே போயிருந்தேன். எனக்கு அப்புறம் வேலைக்குச் சேர்ந்தவர்கள் பெயர்கூட இருந்தது. என் பெயர் இல்லை. மேலும் கீழுமாக இரண்டு தடவை படித்துவிட்டு என் இடத்தில் போய் உட்கார்ந்தேன். சாயங்காலம் ஷிஃப்ட் முடியும்வரை ஈயம் வைத்தேன். டெம்பரரி காலம் முடிந்தவர்களுக்குச் சம்பளத்தைக் கொடுத்து, கேட் பாஸை வாங்கிக்கொண்டார்கள். வேனில் வரும்போது பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் இனிப்பு நீட்டினாள். அவளுக்குப் பர்மனெண்ட் ஆகியிருந்தது. வாங்கிச் சாப்பிட்டேன்.

வீட்டில் யாரும் திட்டவில்லை. ஆறுதலாகத்தான் பேசினார்கள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. "போனா போவுது வுடு. பிள்ளைங்கள பாத்துக்க" என்று ஓரகத்தி என் தலையைத் தடவினாள். மூத்தார் அன்றைக்கு வாழைத்தாரிலிருந்து ஒரு சீப்பு கொடுத்தனுப்பினார். கணவர் மட்டும் என் கண்ணைப் பார்க்காமல் இரண்டு நாள் நடந்தார்.

பிறகு ஈ.பி.காரர் வந்தார். மீட்டரைப் பார்த்து எழுதினார். நான் போய்ப் பக்கத்தில் நின்றேன். ஃபிரிட்ஜ் முழுக்க நின்றிருந்த அந்த இரண்டு மாசத்துக்கு வந்த பில் முந்தினதைவிடக் குறையவே இல்லை. ஒரு பிடி கூடவே இருந்தது. கத்தரிக்கும் வாழைக்கும் சித்திரையில் தண்ணீர் கொஞ்சமாகவா வேண்டும்? மோட்டார் ஓய்வில்லாமல் ஓடியிருந்தது.

மூத்தார் பில்லை இந்தப் பக்கம் அந்தப் பக்கம் திருப்பினார். தப்பை ஒத்துக்கொள்கிறேன் என்று சொன்ன வாய் அதுதான். நான் அந்த வாயையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

"வெயில் ஜாஸ்தியாச்சே. ஃபேனு ஓடியிருக்கும்" என்றார். மடித்துப் பைக்குள் வைத்தார். உள்ளே போய்விட்டார்.

அவ்வளவுதான். என் பி.எஃப், என் போனஸ், என் பர்மனெண்ட், எல்லாவற்றுக்கும் அந்த மனுஷன் கொடுத்த பதில் ஃபேன் ஓடியிருக்கும்.

நான் உள்ளே போய் ப்ளக்கைச் செருகினேன். ஃபிரிட்ஜ் ஒரு தடவை உடம்பை உலுக்கிவிட்டு ஓட ஆரம்பித்தது. அடுத்த நாளே மீன் குழம்புத் தூக்கு வந்தது. மாவு வந்தது. பூ வந்தது. பில்லும் வந்தது, அடுத்ததும் வந்தது, அதற்கடுத்ததும் வந்தது. பழையபடி விளக்குக்கு ஒன்று, ஃபேனுக்கு இரண்டு. ஃபிரிட்ஜ் என்ற பேச்சையே யாரும் எடுக்கவில்லை. ராவும் பகலும் ஓடுகிறதே என்று ஒருத்தரும் கேட்கவில்லை. நான் வீட்டில் இருந்தேன், அதனால் ஃபிரிட்ஜ் கரண்ட் தின்பதை நிறுத்திவிட்டது.

எனக்கு இது விளங்கக் கொஞ்ச காலம் ஆயிற்று. விளங்கின பிறகும், எனக்குத்தான் புத்தி தப்பாகப் போகிறதோ என்று யோசித்துக்கொண்டிருந்தேன். ஒரு நாள் மத்தியானம் மூத்தார் வல்லக்கோட்டைப் பக்கம் ஏதோ நிலம் பார்த்துவிட்டு சைக்கிளில் வந்து இறங்கினார். சட்டை முழுக்க வேர்வை. அவர் வீட்டுக்குப் போகாமல் நேராக எங்கள் வாசலுக்கு வந்து நின்றார்.

"அம்மாடி, ஜில்லுனு ஒரு சொம்பு தண்ணி குடு. நாக்கு வறண்டு போச்சு."

ஃபிரிட்ஜிலிருந்து பாட்டிலை எடுத்து சொம்பில் ஊற்றினேன். சொம்புக்கு வெளியே முத்து முத்தாக நீர் கோத்தது. அதைக் கையில் பிடித்துக்கொண்டே கேட்டேன்.

"மாமா, ஃபிரிட்ஜுக்கு எத்தனை பாயிண்ட் போடுறதுன்னு நீங்க இன்னும் சொல்லலையே?"

அவர் சிரித்தார். மனசாரச் சிரித்தார். குழந்தை ஏதோ கேட்டுவிட்டதுபோல. "இன்னாம்மா இன்னும் அதையே நெனச்சினு கீற? நம்ம வூட்டுக்குள்ள எதுக்கும்மா கணக்கு? நீ வூட்டோட இருந்தா போதும்" என்று கையை நீட்டினார்.

நான் சொம்பைத் தூக்கி, அவர் பார்க்கப் பார்க்க, முழுத் தண்ணீரையும் நானே குடித்தேன்.